விலையும் மதிப்பும்

பொருள் சேர்ப்பது உயிர்களின் இயல்பு. எறும்பு சேர்க்கிறது, தேனீ சேர்க்கிறது. அவை நாளைய பசிக்காகச் சேர்க்கின்றன. மனிதனோ உண்ணவும் உடுக்கவும் உதவாத பொருளையும் தேடிச் சேர்க்கிறான். அஞ்சல்தலை, செல்லாத நாணயம், உடைந்த பீங்கான், ஓடாத கடிகாரம் என்று அவன் திரட்டும் பொருள்களுக்கு எல்லை இல்லை. அவற்றிற்காக அவன் கொடுக்கும் விலைக்கும் எல்லை இல்லை. அவ்விலை எங்கிருந்து பிறக்கிறது? பொருளிலிருந்தா, அதனை விரும்பும் மனத்திலிருந்தா, அன்றி இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வேறொன்றிலிருந்தா? அதற்கும் மேலாக, ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிப் போற்றுகிறவனுக்கு அப்பொருளின் வரலாற்றின்பால் கடமை ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அது ஒரு வீடியோ விளையாட்டு. ஜப்பானிய நிறுவனமாகிய எஸ்.என்.கே. 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாமுராய் ஸ்பிரிட்ஸ்' என்பது அதன் பெயர். ஜப்பானுக்கு வெளியே அது 'சாமுராய் ஷோடவுன்' என வழங்கிற்று. வாளேந்திய வீரர் இருவர் திரையில் எதிரெதிர் நின்று பொருதும் விளையாட்டு அது. அக்காலத்துச் சண்டை விளையாட்டுகள் பலவற்றில் கைகால்களால் விரைந்து விரைந்து தாக்குவதே வெற்றிக்கு வழி. இதிலோ காத்திருந்து, காலம் பார்த்து வீசும் ஒரே வீச்சு ஆட்டத்தை முடித்துவிடும். பொறுமைக்குப் பரிசளித்த விளையாட்டு என்று இதனைச் சொல்லலாம். காசு போட்டு ஆடும் நிலையங்கள் நம் நகரங்களில் இருந்த நாளில் பதின்ம வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுட் சிலர் இவ்விளையாட்டின் பழைய பேழைகளைத் தேடி வாங்கிச் சேர்க்கின்றனர். நம் தமிழ் இளைஞர்களும் அவர்களுள் உண்டு.

பேழையும் உள்ளீடும்

இவ்விளையாட்டு இன்று எத்தனை வடிவங்களில் கிடைக்கிறது என்பதை முதலில் நோக்குவோம். நிலையங்களில் நின்ற பெரிய கருவிகளுக்கென்று செய்யப்பட்ட பேழை ஒன்று. 'நியோ ஜியோ' என்னும் வீட்டுக் கருவிக்கென்று பெட்டியும் கையேடும் சேர்த்து ஜப்பானில் விற்கப்பட்ட பேழை மற்றொன்று. அதே வீட்டுப் பேழை ஆங்கிலப் பெட்டியுடன் வெளிநாடுகளில் விற்கப்பட்டது மூன்றாவது. 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனமே இவ்வரிசையின் பழைய விளையாட்டுகளை ஒன்றுசேர்த்து இன்றைய கருவிகளுக்கென வெளியிட்ட தொகுப்பு நான்காவது.

நான்கிலும் விளையாட்டு ஒன்றே. 118 மெகாபிட் அளவுள்ளது என்று அந்நாளில் அது பெருமையோடு விளம்பரம் செய்யப்பட்டது. இன்றைய கணக்கில் அது 15 மெகாபைட்டுக்கும் குறைவு; கைப்பேசியில் எடுத்த நான்கைந்து நிழற்படங்கள் பிடிக்கும் இடமே அதற்குப் போதும். ஆயினும் விலையில் எத்துணை வேறுபாடு! தொகுப்பாக வாங்கினால் சில பத்து வெள்ளியோடு செலவு முடிகிறது. பெட்டியிட்ட வீட்டுப் பேழைக்கோ நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டும். அவ்வீட்டுப் பேழையிலும் ஆங்கிலப் பெட்டியில் வந்ததற்கு ஜப்பானியப் பெட்டியில் வந்ததைவிடப் பன்மடங்கு விலை. இவ்விரண்டின் உள்ளேயுள்ள சில்லுகளில் பதிந்திருப்பது ஒன்றேதான். செருகப்படும் கருவி எந்நாட்டுக்கென்று செய்யப்பட்டதோ அதற்கேற்ப மொழி மாறுகிறது, அவ்வளவே. வெளிநாட்டு வீட்டுக் கருவியில் செருகினால் வீரர் உடலில் சிந்தும் குருதி வெண்ணிறமாகவும் தோன்றும். குழந்தைகளுக்கு ஆகாது என்று செய்த மாற்றம் அது.

ஆகவே, கூடுதல் பணம் கொடுப்பவன் விளையாட்டுக்காகக் கொடுக்கவில்லை என்பது தெளிவாகிறது. அட்டைக்கும், அச்சுக்கும், பெட்டிக்குமே அவன் கொடுக்கிறான். பயனே ஒரு பொருளின் மதிப்பு என்பார் கூற்று இவ்விடத்தில் நில்லாது. பயன் ஒன்றாகவே இருக்க, விலை நான்காகப் பிரிந்து நிற்கிறதன்றோ?

அருமை என்னும் சொல்

பயன் இல்லையெனின் வேறு எது? அரிதாகக் கிடைப்பதே காரணம் என்பர் வணிகர். நம் மொழியில் 'அருமை' என்னும் ஒரே சொல் கிடைத்தற்கரிய தன்மையையும் குறிக்கிறது. போற்றத்தக்க உயர்வையும் குறிக்கிறது. கிடைப்பதற்கு அரியது எதுவோ அதுவே சிறந்தது என்று நம் முன்னோரும் கருதினரோ என்று இச்சொல் நம்மை எண்ண வைக்கிறது. ஆனால் அரிதாக இருப்பதனாலேயே ஒரு பொருள் மதிப்புப் பெற்றுவிடாது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் கிறுக்கிய தாள் உலகில் ஒன்றேயுண்டு. அதனை அவன் தாயன்றி வேறு யார் பேணுவார்? அரிதாகவும் இருக்கவேண்டும், அதனை நாடும் நெஞ்சங்களும் பலவாக இருக்கவேண்டும். அந்நாட்டம் எங்கிருந்து வருகிறது என்பதே உண்மையான கேள்வி.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அவர்கள் தங்கள் ஆட்சிக்கென அச்சிட்ட பணத்தாள்களில் பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தது. அதனால் மக்கள் அதனை வாழைமரக் காசு என்றனர். தொடக்கத்தில் வெளிவந்த தாள்களில் வரிசை எண்கள் இருந்தன. பின்னர் எண்ணும் இன்றி, கணக்கும் இன்றி அச்சடித்துக் குவித்தனர். குவியக் குவிய அதன் மதிப்பு சரிந்தது. 1945இல் ஆங்கிலேயர் மீண்டு வந்தபோது அத்தாள் செல்லாது என்றாயிற்று. ஒரே நாளில் செல்வம் குப்பையானது. மூன்றரை ஆண்டு உழைத்து மிச்சம் பிடித்ததைப் பெட்டியில் வைத்திருந்த தொழிலாளியின் கையில் எஞ்சியது வெறுந்தாள்.

அவ்வெறுந்தாள் இன்று பழம்பொருள் கடைகளில் கண்ணாடியின்கீழ் விற்கப்படுகிறது. வரிசை எண் உள்ள தாளுக்கு எண்ணில்லாத தாளைவிட விலை மிகுதி. பணமாக இருந்தபோது மதிப்பிழந்தது, பணமாக இல்லாதபோது மதிப்புப் பெறுகிறது! அது கடந்துவந்த துன்பமே இன்று அதன் மதிப்பு. அத்தாளை வாங்குகிறவன் ஒரு காலத்தின் துணுக்கைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்புகிறான். ஆக, பொருளின் மதிப்பு பொருளிலும் இல்லை. தனி மனத்திலும் இல்லை. பொருளோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையிலும், அக்கதையைக் கேட்டறிந்த சமுதாயத்திலும் அது இருக்கிறது என்பது என் கருத்து.

உறையிலிட்ட வாள்

இனி, சேர்த்த பொருளை என்ன செய்வது என்னும் வினாவுக்கு வருவோம். மேலைநாடுகளில் பழைய விளையாட்டுப் பேழைகளை ஆய்ந்து, தரம் குறித்து எண் கொடுத்து, தெளிந்த நெகிழிக் கூட்டினுள் வைத்து முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. உறை பிரிக்கப்படாத பேழைக்கே அங்கு உயர்ந்த எண். 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலமொன்றில் உறை பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' என்னும் விளையாட்டு 15 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விலைபோயிற்று. 1996இல் வெளிவந்து ஒரு கோடிக்கும் மேல் விற்பனையான விளையாட்டு அது, அரியதன்று. ஒருவரும் தொடாத நிலையே அங்கு விலையாயிற்று. விளையாடுவதற்கென்று பிறந்த பொருள், விளையாடப்படாமல் இருந்ததற்காகவே பரிசு பெறுகிறது.

இதனை நினைக்கும்தோறும் புறநானூற்றில் வரும் ஔவையாரின் தூது நினைவுக்கு வருகிறது. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலி அணிந்து, காவல் மிக்க அகன்ற மனையில் அழகுற விளங்குகின்றன. ஔவை அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ் எது, பழிப்பு எது என்பது கேட்டவனுக்கு விளங்கியிருக்கும். முத்திரையிட்ட பேழைகளை அடுக்கி வைத்திருக்கும் அறையைக் கண்டால் ஔவை என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது அரிதன்று. வள்ளுவரும் நன்றியில் செல்வம் எனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். பிறர்க்கும் உதவாமல், தானும் நுகராமல் காக்கப்படும் பொருளைப்பற்றி அவர் கொண்ட கருத்தை நாம் அறிவோம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எல்லாரும் எடுத்து ஆடியிருந்தால் எதுதான் எஞ்சியிருக்கும்? காப்பவன் ஒருவன் இருந்தால்தானே பின்வருவோர் காண முடியும்? இம்மறுப்பில் உண்மை உண்டு. நம் நாட்டின் ஈரமும் வெப்பமும் பொருள்களுக்குப் பகை. அட்டையில் பூஞ்சை படர்கிறது. பேழையின் செப்புத் தொடுமுனைகள் களிம்பேறுகின்றன. குறுந்தட்டுகளின் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரித்துப் போவதும் உண்டு. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்றுக்கென இயங்கும் அறநிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. விற்பவன் கைவிட்ட பின் சேர்ப்பவனே காவலன்.

ஆனால் காத்தலிலும் இருவகை உண்டு. மூடி வைப்பதற்காகக் காத்தல் ஒன்று. திறந்து கொடுப்பதற்காகக் காத்தல் மற்றொன்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக நடந்து ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். சுவடியை அழகிய பேழையிலிட்டுத் தம் வீட்டில் வைத்துக்கொள்வது அவர் நோக்கமாக இருந்திருப்பின் தமிழ் என்னவாகியிருக்கும்? அவர் ஏட்டைப் பிரித்தார், படித்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், அச்சிட்டார். 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. ஔவையின் தூதினை நாம் இன்று பள்ளியில் படிக்கிறோமெனில் அது திறந்து கொடுப்பதற்காகத் திரட்டிய ஒருவரின் கொடை. திரட்டுதலின் அறம் இதுவென்று நான் கருதுகிறேன். விளையாட்டாயினும் சரி, சுவடியாயினும் சரி, அளவில் வேறுபடலாமேயன்றி அறத்தில் வேறுபாடில்லை.

மலாக்காவில் தொடங்கிய கதை

நம் எடுத்துக்காட்டு விளையாட்டின் கதையை இன்னும் சற்று உற்று நோக்குவோம். அதில் இறுதியாக வெல்லவேண்டிய பகைவன் அமாகுசா ஷிரோ என்பவன். இறந்தபின் தீய ஆற்றலால் மீண்டெழுந்த பேயுருவாக அவனைக் காட்டுவர். இவன் கற்பனைப் பாத்திரமல்லன். 1637இல் ஜப்பானின் ஷிமாபாரா பகுதியில், தாங்க முடியாத வரிச்சுமையையும் சமய ஒடுக்குமுறையையும் எதிர்த்து எழுந்த உழவர்க்குத் தலைவனாக நின்ற கிறித்தவ இளைஞன் அவன். பதின்ம வயதைக் கடக்காதவன். மறு ஆண்டு கோட்டை வீழ்ந்தபோது அவனும் அவனுடன் 30,000க்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர்.

அக்கிறித்தவம் ஜப்பானுக்குச் சென்ற வழி எது? 1547 டிசம்பரில் பிரான்சிஸ் சவேரியார் நம் மலாக்காவில் இருந்தபோது, தன் நாட்டில் கொலைப்பழிக்கு அஞ்சி ஓடிவந்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் அவரைக் காண வந்தார். அவரைச் சாமுராய் குலத்தவர் என்று கூறுவர். அச்சந்திப்பின் பயனாக 1549இல் சவேரியார் அஞ்சிரோவுடன் மலாக்காவிலிருந்து கப்பலேறி ஜப்பானிலுள்ள ககோஷிமாவை அடைந்தார். இன்று பவுல் குன்றின்மேல் கூரையிழந்து நிற்கும் கோயிலைச் சுற்றிப் பார்க்கும் நம் மாணவர்க்கு, சாமுராயின் கதையில் இக்குன்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பது தெரியுமோ? தொண்ணூறு ஆண்டு கழித்து உழவர் குருதியில் முடிந்த கதை அது. மேலும் மூன்றரை நூற்றாண்டு கழித்து அவ்வுழவர் தலைவனே ஒரு விளையாட்டில் பேயாக்கப்பட்டான். விளையாடுகிறவன் வாளேந்தியவனின் பக்கம் நிற்கிறான். வாளால் மடிந்தவன் பேயாகிறான். கதையைச் சொல்லுகிறவர் யாரோ, அவர் கையிலேயே மதிப்பும் பழியும் உள்ளன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு பாட்டியின் கேள்வி

இவ்விடத்தில் அண்மையில் நான் கேட்ட ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். என் முன்னாள் மாணவர் ஒருவர் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் பணியாற்றுகிறார். மேற்சொன்ன விளையாட்டின் பேழையைப் பெட்டியோடு வாங்கி, வீட்டுக் கூடத்தில் வைத்தார். பெட்டியின்மேல் வாளோங்கிய வீரனின் படம். தொண்ணூறை நெருங்கும் அவருடைய பாட்டி அதனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏய்யா, ஜப்பான்காரன் கத்தியையா காசு குடுத்து வாங்கியாந்தே? எங்கப்பாவ இதக் காட்டித்தானே ரயிலு ஏத்துனான்."

"பாட்டி, இது வெறும் விளையாட்டு பாட்டி."

"வெளையாட்டா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவே. ஆனால் அன்றிரவு மாணவருக்கு உறக்கம் வரவில்லை. "ஐயா, நான் செய்தது தவறா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பாட்டியின் தந்தையைப்போல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதையை 1942இலும் 1943இலும் அவர்கள் காட்டை அழித்து அமைத்தனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. அப்பாதையில் மடிந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் சயாமில் வரிசை வரிசையாக நிற்கின்றன. மடிந்த ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை இருப்பர் என்று மதிப்பிடுவர். 'மதிப்பிடுவர்' என்று சொல்லும் நிலையிலேயே நாம் இருக்கிறோம், எண்ணியவர் இல்லை. தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

மாணவரின் வினாவுக்கு வருவோம். அவர் செய்தது தவறா? தவறு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அட்டையில் வரைந்த வாள் எவரையும் வெட்டவில்லை. 1993இல் ஒசாக்காவில் இருந்துகொண்டு விளையாட்டை அமைத்த இளைஞர்கள் 1943இன் கொடுமைக்குப் பொறுப்பாளர் அல்லர். சயாம் ரயில்பாதையில் படைத்தலைவர் இடுப்பில் தொங்கிய வாள்களும் பெரும்பாலும் தொழிற்சாலையில் அடித்த வாள்களே. பழைய குலப்பெருமையின் பெயரைப் படைக்கு ஊட்டுவதற்காகக் கட்டிய அணி. தாத்தனைக் கொன்றவனின் மொழியில் பேரன் பாட்டுக் கேட்பதையும், அந்நாட்டு வண்டியில் செல்வதையும் நாம் பழிப்பதில்லை. பகையைப் பரம்பரைச் சொத்தாக்குவது அறமாகாது. மேலும் அம்மாணவருக்கு அப்பேழை வாளைக் குறிக்கவில்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த புதிதில், பள்ளி விட்டதும் நண்பரோடு காசு போட்டு ஆடிய மாலைப்பொழுதுகளையே குறிக்கிறது. அதுவும் நம்மவர் வரலாற்றின் ஒரு பகுதியே. அந்நினைவுக்கு விலை கொடுக்க அவருக்கு உரிமை உண்டு.

ஆயினும் பாட்டியின் கேள்வி அவ்வளவோடு முடிந்துவிடவில்லை. உரிமை உண்டு என்பதனால் கடமை இல்லாமற் போகாது. வாளின் கதையை விலை கொடுத்து வாங்குகிறவன், அவ்வாளின் மறுபக்கத்தில் நின்றவரின் கதையையும் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் அவன் வாங்கியது பாதிக் கதை. அம்மாணவரின் வீட்டுக்கூடத்தில் பேழை இருந்தது. பாட்டியின் தந்தையைப்பற்றிய ஒரு வரி எழுத்தும் அவ்வீட்டில் இல்லை. குறை பேழையில் இல்லை. அதன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் இருக்கிறது.

உளிக்கு உரியவர் யார்?

ஜப்பானியர் தம் வாளை எவ்வாறு மதிப்புடையதாக்கினர் என்பதை எண்ணிப் பாருங்கள். 1876இல் மெய்ஜி அரசு வாளேந்தி வெளியில் செல்வதைத் தடை செய்தது. வாளடித்த கொல்லர் பிழைப்பிழந்து சமையற்கத்தியும் வேளாண் கருவியும் அடிக்கலாயினர். குலவாள்கள் மலிந்த விலைக்கு அயல்நாட்டாரிடம் போயின. அன்று சாமுராயின் வாள் பழைய இரும்பு. அதன்பின் கதை சொல்வோர் வந்தனர். 1900இல் நிடோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய புஷிடோ நூல் உலகெங்கும் பரவிற்று. 1954இல் அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' திரைக்கு வந்தது. 1993இல் இவ்விளையாட்டு வந்தது. பழைய இரும்பு, கதையினால் பொன்னாயிற்று.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தொழில் பிறந்தது நம் மாநிலத்தில். அத்தொழிலை வளர்த்தது பால்வெட்டும் உளி. வாளைப்போல் அதற்கும் கூர்மை வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவவேண்டும். சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும். சற்று மேலோடினால் பால் வடியாது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளி சுமந்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அக்கலையை நிகழ்த்தியவர் நம் தாய்மார். அவ்வுளி இன்று எங்கே? தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது உளியும் மங்கும் வாளியும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள் கறையானுக்கு இரையாயின. விலைபேசி வாங்க எவரும் வரவில்லை. அவற்றின் கதையைச் சொல்ல நாம் முன்வராததே காரணம்.

இதற்கு நாம் பிறரைக் குறைகூறிப் பயனில்லை. மதிப்பு கதையிலிருந்து பிறக்கிறது என்று கண்டோம். நம் பொருளின் கதையைச் சயாமியரோ ஜப்பானியரோ வந்து சொல்லப்போவதில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் அக்கடமையின் ஒரு பகுதியைச் செய்தன. வீடுதோறும் ஆற்றவேண்டிய பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது.

மதிப்புப் பெருகுவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுடைமை நகரங்களாயின. அதற்கு முன்பே, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டு முடிவோடு நீங்கியதும், பழைய நகரத்தின் கடைவீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த பலர் வெளியேறினர். சுவர் நின்றது, குடி போயிற்று. மறுபுறம், அதே நகரின் பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் விளக்கெரிகிறது. மலாக்காச் செட்டிகள் அதனைக் காட்சிப்பொருளாக்காமல் வழிபடு பொருளாகவே வைத்திருக்கின்றனர். உறையிலிட்ட மதிப்புக்கும் புழங்குகிற மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காண நாம் ஔவையின் காலத்துக்குப் போகவேண்டியதில்லை; பழைய நகரத்தின் இரண்டு தெருக்களில் நடந்தால் போதும்.

முடிவாக, பழம்பொருள் திரட்டும் நம் இளைஞர்க்கு மூன்று வினாக்களை முன்வைக்கிறேன். முதலாவது, இப்பொருளை நான் திறப்பேனா, பிறர்க்குத் திறந்து காட்டுவேனா? இரண்டாவது, நாளை இதன் விலை ஒரு வெள்ளியாகக் குறைந்தாலும் இதனை வைத்துக்கொள்வேனா? மூன்றாவது, இதன் கதையில் எவர் வென்றார், எவர் விலை கொடுத்தார் என்பதை அறிவேனா? முதல் வினா கருமியினின்றும், இரண்டாவது சூதாடியினின்றும், மூன்றாவது மறதியுடையவனினின்றும் திரட்டுபவனைப் பிரித்துக் காட்டும். மூன்றுக்கும் ஆம் என்று விடையிறுப்பவன் விளையாட்டுப் பேழையைச் சேர்த்தாலும் அறம் செய்தவனே.

அம்மாணவரிடமும் இதனையே சொன்னேன். பேழையை எறியவேண்டாம், விளையாடுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அமாகுசா ஷிரோ யார் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் இவ்வாரத்திலேயே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் அமருங்கள். அவர் தந்தையின் பெயர், ஊர், தோட்டம், ரயிலேறிய நாள், உடன் சென்றோர் பெயர் ஆகியவற்றை நினைவுள்ளவரை எழுதி வாங்குங்கள். தொண்ணூறை நெருங்கியவரின் நினைவினும் அரிய பொருள் எக்கடையிலும் இல்லை. அதற்கு மறுபதிப்பும் இல்லை.